திரையைத் துடைத்த குற்றத்துக்கு விளக்கம்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகன் எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமா என்று கேட்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பது, நீங்கள் என் போனை எடுக்காததிலிருந்தே தெரிகிறது. மேனேஜர் என்னைப் பற்றி உங்களிடம் புகார் சொன்னாராம். "சிபாரிசு பண்ணினவன் மூஞ்சியில கரியைப் பூசிட்டான்" என்று நீங்கள் அம்மாவிடம் கத்தினீர்களாம். நடந்ததைப் படித்துவிட்டுப் பிறகு கத்துங்கள்.

நீங்கள் ஓய்வுபெற்று எழுந்த நாற்காலியில்தான் என்னை உட்கார வைத்தார்கள். வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. கம்பெனியின் வாடகை வீடுகளில் இருப்பவர்கள் ஒழுகுகிறது, வெடித்திருக்கிறது, பூஞ்சை பிடித்திருக்கிறது என்று போட்டோ அனுப்புவார்கள். அதை லேப்டாப்பில் பார்த்து, சேதம் தெரிந்தால் கொத்தனாரை அனுப்ப வேண்டும்; தெரியாவிட்டால் "படத்தில் சேதம் எதுவும் தெரியவில்லை" என்று பதில் போட வேண்டும். முதல் நாள் ஒரு சமையலறைப் படத்தைத் திறந்தேன். அது சுவரா, சாக்கா என்றே புரியவில்லை. எழுத்தெல்லாம் மழையில் நனைந்ததுபோல் கலங்கியிருந்தது. படத்தில் நின்ற அம்மாளை யாரோ தலையில் அமுக்கிக் குட்டையாக்கி வைத்திருந்தார்கள். என் கண்ணில்தான் கோளாறோ என்று பயந்து, பிறகு செட்டிங்ஸைத் திறந்தேன். ஒவ்வொரு திரைக்கும் பிறக்கும்போதே ஓர் அளவு உண்டு மாமா. பட்டியலில் அதன் பக்கத்திலேயே 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று போட்டிருக்கிறது. நம் ஆபீசிலோ எல்லா லேப்டாப்பும் பட்டியலின் அடியில் கிடக்கும் அளவில் இருந்தன. சரியான அளவை அமுக்கினேன். அந்த அம்மாள் நிமிர்ந்து நின்றார். எழுத்து சிறுத்தது, அதை மட்டும் தனியாகப் பெரிதாக்கினேன். மங்கிக் கிடந்த வெளிச்சத்தை ஏற்றினேன். கண்ணுக்கு இதமென்று போட்டிருந்த மஞ்சள் நிறத்தை அணைத்தேன். அந்த மஞ்சளில் ஈரக்கறையும் சுண்ணாம்பும் ஒரே நிறம். கடைசியாகத் துணியால் துடைக்கப்போனால் ஓரத்தில் ஏதோ பிரிந்துகொண்டு வருகிறது. கடையில் ஒட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் தாள்! வாங்கிய நாளிலிருந்து அதை யாருமே உரிக்கவில்லை, நீங்கள் உட்பட. நான் உரித்தேன். என் குற்றம் அவ்வளவுதான்.

திரை தெளிந்ததும் வீடுகளெல்லாம் இடிய ஆரம்பித்துவிட்டன. நேற்றுவரை நன்றாக இருந்த சுவர்களில் விரிசல், சுவிட்சுப் பலகைக்கு மேலே வழியும் தண்ணீர், தொட்டிலுக்கு நேர் மேலே பெயர்ந்து தொங்கும் காரை. கண்டதையெல்லாம் எழுதினேன். "தம்பி, இந்த ஆபீஸ்ல என்னை டீ குடிக்கத்தான் கூப்பிடுவாங்க. நீ வேலை குடுக்கிறியே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கொத்தனார் அக்கறையாக விசாரித்தார். பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்து, "அட, பளிச்சுன்னு இருக்கே! எனக்கும் வச்சுக் குடுடா" என்றார். வைத்துக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் தெளிவு எல்லா மேசைக்கும் தொற்றிக்கொண்டது.

மேனேஜர் வந்தார். அவரை ஆபீசில் 'நிழல்' என்று ஏன் அழைக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. தூண் ஒன்றின் விரிசலைக் காட்டினேன்.

"அது நிழல், தம்பி."

"உள்ள கம்பி தெரியுது சார்."

"கம்பியோட நிழல்."

"கம்பிக்கு நிழல் விழணும்னா கம்பி வெளியில வந்திருக்கணுமே சார்?"

"உங்க மாமா இந்த சீட்ல உட்கார்ந்து என்னைக்காவது இப்படிக் கேட்டிருப்பாரா? அவர் பார்வைக்கு எல்லா வீடும் நல்ல வீடு. மாலை மரியாதையோட வீட்டுக்குப் போனார். உன்னை நிரந்தரம் பண்றதா, அனுப்பறதான்னு நான்தான் சொல்லணும். எல்லாத் திரையையும் பழையபடி வை. அப்புறம் பேசலாம்."

இதில் யாரும் பொய் சொல்வதில்லை, அதுதான் இதன் அழகு. தெரியவில்லை என்கிறார்கள், உண்மையிலேயே தெரிவதில்லை. தெரியாதபடி வைத்துவிட்டு அப்புறம் பார்க்கிறார்கள். ஆனால் வாடகை பாக்கி மட்டும் எந்த அளவிலும், எந்த மஞ்சளிலும் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது.

எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன? வீட்டில் சம்பளம் கொண்டுவருகிறவன் நான் ஒருவன்தான். "கண்ணை மூடிக்கிட்டு வேலையைப் பாருடா, எல்லாரும் அப்படித்தானே பாக்குறாங்க" என்று அம்மா அழுகிறார். அதனால் நாளைக் காலை எல்லாத் திரைகளையும் பழைய மங்கலுக்கே கொண்டுபோய்விடுகிறேன். உரித்த தாளை மறுபடி ஒட்டிப் பார்த்தேன், குமிழி குமிழியாக எழும்புகிறது. மேனேஜரிடம் சொன்னேன். "குமிழி இருந்தா இன்னும் நல்லது" என்றார். இனி என்னால் உங்கள் பேருக்கு ஒரு குறையும் வராது. அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் நிம்மதி நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
புத்தி வந்துவிட்ட உங்கள் மருமகன்.

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இன்றைய கடைசிப் படத்தைத் திறந்தேன். அனுப்பியது அத்தை. கம்பெனி வீட்டில் குடியிருந்துகொண்டு கம்பெனி மேலேயே புகாரா என்று நீங்கள் சத்தம் போடுவீர்கள் என்பதால் உங்களுக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறார். உங்கள் படுக்கையறைக் கூரை. பழைய அளவில் வைத்துப் பார்த்தேன், நிழல். சரியான அளவில் பார்த்தேன், மின்விசிறிக் கொக்கியிலிருந்து சுவர்வரை வெடித்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. படத்துக்குக் கீழே அத்தை எழுதியிருந்தார்: "உங்க மாமா அந்த சீட்ல இருந்தப்பவே அனுப்பினேன். சேதம் தெரியலைன்னு அவர் பேர்லயே பதில் வந்துச்சு. நீயாவது பாருடா."

பார்த்துவிட்டேன் மாமா. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டோடு சேர்த்து, என் மேசையில் காத்திருந்த எல்லா வீடுகளுக்கும் கொத்தனாருக்கு உத்தரவு அனுப்பிவிட்டேன். திரைகளை மாற்ற மாட்டேன் என்று மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து எனக்கு வேலை இல்லை. அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், உங்களுக்குத்தான் குரல் நன்றாக எழும்பும். இதை இப்போதே உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். கொத்தனார் காலையில்தான் வருவார். இன்று ராத்திரி கட்டிலை நகர்த்திப் போட்டுப் படுங்கள்.