அக்காவுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த கமெண்ட்ஸ்

பல்லடம்,
திங்கட்கிழமை.

கொமரலிங்கம் மாமா ஆறுமுகசாமி அவர்களுக்கு, இளைய மருமகள் இந்துமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அங்கு அத்தை, எருமைகள், அமராவதித் தண்ணீர் எல்லாம் சுகம்தானே? போனில் எனக்குக் குரல் வராது என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் கடிதம்.

மாமா, ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்கப் பொங்கலூர் கோழிப்பண்ணைக்காரர்களைக் கூட்டி வந்துவிடாதீர்கள். “ஞாயித்துக்குள்ள பிஎச்.டி.க்கு எடம் கெடைக்கலீன்னா மாப்பிள்ளைக்குச் செரின்னு சொல்லோணும் கண்ணு” என்று நீங்கள் சொன்னதிலிருந்து அக்கா சோறு மறந்து ஊர் ஊராகப் பேராசிரியர்களுக்கு மெயில் போட்டது. சாயத் தண்ணீரிலிருந்து நிறத்தைப் பிரிக்கிற ஆராய்ச்சிக்கு இடம் கேட்டுத்தான். யாரும் பதில் போடவில்லை. சனிக்கிழமை ஜெர்மனிக்காரர் ஒருவர் மட்டும் போட்டார். இப்போது எடுக்க இயலாது, தண்ணீரில் உள்ள உப்பை நீங்கள் கணக்கில் கொள்ளவில்லை, அனுப்பிய கட்டுரையும் நீளம் என்று. அக்கா அழுது முடித்து, “ஞாயித்துக்கெழமைக்கு எந்தச் சேலைம்மா கட்டறது?” என்று கேட்டுவிட்டது.

எனக்குத் தாங்கவில்லை. பத்தாவதோடு நின்று பனியன் கம்பெனி சாம்பிள் செக்‌ஷனுக்குப் போனவள்தான் நான். ஆனால் அங்கே சாம்பிளைப் பார்த்து வெளிநாட்டு பையர், அதாவது துணி வாங்குகிறவர், கழுத்து லூஸ், கை நீளம் என்று கமெண்ட்ஸ் அனுப்பினால் ஆர்டர் உறுதி என்று மாஸ்டர் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். பிடிக்காதவன் கமெண்ட்ஸே தரமாட்டான்.

“ஏனக்கா அழுகற? கமெண்ட்ஸ் வந்திருக்குதல்ல!”

“அட லூசு, வேண்டாம்னு மருவாதியாச் சொல்றாங்க.”

“வேண்டாங்கறவன் உப்பைப் பத்தி எதுக்குப் பேசறான்?”

அக்கா குளிக்கப் போனதும் அதன் போனில், கம்பெனி மெயிலில் வழக்கமாகப் போடுவதையே போட்டேன்: கமெண்ட்ஸ் கிடைத்தது, அடுத்த திங்கட்கிழமை செகண்ட் சாம்பிள் வரும், அதுவரை ஆர்டரை நிறுத்தி வைக்கவும். சாம்பிள் என்றால் துணி போகாமல் எப்படி? நெட்டில் அந்தப் பேராசிரியர் போட்டோவைப் பார்த்து எக்ஸ்.எல். என்று கணித்து ஒரு பனியனும் கூரியரில் அனுப்பினேன்.

நேற்று பதில் வந்தது மாமா! என்ன ஆர்டர் என்று அவருக்குப் புரியவில்லையாம். ஆனால் உப்புக்கு என்ன செய்வோம் என்று அறிய ஆசையாம், அடுத்த திங்கள்வரை காத்திருக்கிறாராம். அக்கா என்னை அடிக்க வந்து, பாதியில் நின்று, உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டது. நான் நூல் பிசிறு வெட்டும்போதெல்லாம் அந்த ஊர்தான் தெரிகிறது. பஞ்சு பறப்பதுபோலப் பனி பெய்கிறது. வெள்ளைக் கோட்டில் அக்கா ஒரு கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பார்க்கிறது. உள்ளே நம் சாயத் தண்ணீர், நிறமே இல்லாமல், அந்தப் பக்கம் நிற்கிற என் முகம் தெரிகிற அளவுக்குத் தெளிந்து நிற்கிறது.

அதனால் ஞாயிறு வேண்டாம் மாமா. அத்தைக்கு என் அன்பு. எருமைக்கன்றைத் தடவிக் கொடுங்கள்.

உங்கள் மருமகள்,
இந்துமதி

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டப் போகையில் போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. “ஞாயித்துக்கெழம பொழுதோட வந்தர்றோம், செரிங்களா கண்ணு?” என்றார்கள். எனக்குத்தான் குரல் வராதே, “ம்” மட்டும் வந்தது. ஆகவே வாருங்கள். ஆனால் பெண்ணிடம் குறை இருந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள். கமெண்ட்ஸ் வந்தால் ஆர்டர் உறுதி என்று அம்மாவுக்கும் நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.