செண்பகம் செத்த வருஷத் தீபாவளி

கடையில் வேலை பார்க்கிறவனுக்குப் புதிய யோசனைகள் வரக் கூடாது. தப்பித்தவறி வந்துவிட்டால் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். முதலாளியிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது. இதை எனக்கு அந்த வயதில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தலையில் கிராப்பு, கிராப்பில் வாசனை எண்ணெய், எண்ணெய்க்குக் கீழே மூளை இருக்கிறது என்கிற அசைக்க முடியாத நம்பிக்கை.

ஜப்பான்காரன் வருவதற்குப் பத்து வருஷம் முந்திய கதை. ஜொகூர் பாருவில் ஒரு ராவுத்தரின் ஜவுளிக் கடையில் எனக்கு வேலை. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், தோட்டங்களில் ஆள் குறைத்து, சனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் துணி என்று ஒன்று கடையில் விற்கிறது என்பதையே மறந்துவிட்டார்கள். நானும் ராவுத்தரும் காலையில் கடையைத் திறந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாலையில் மூடுவோம். (அந்த முகத்தைத் தினமும் பார்த்ததுக்கே தனியாச் சம்பளம் குடுத்திருக்கணும். அவரும் என்னைப் பத்தி அப்படித்தான் நினைச்சிருப்பாரு.)

அந்த வருஷத் தீபாவளிக்கு ராவுத்தர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ஊரிலிருந்து ஒரு பெரிய பொதி சேலை தருவித்தார். அத்தனையும் ஒரே ரகம், கிளிப்பச்சை உடம்பு, அரக்குக் கரை. பொதியைப் பிரித்த அன்று என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"தம்பி, இது வித்துச்சுன்னா கடை நிக்கும். விக்கலைன்னா கடையை மூடிட்டு நான் ஊருக்குக் கப்பல் ஏறுவேன். நீயும் எங்கேயாவது பார்த்துக்க வேண்டியதுதான்."

எனக்குப் பார்த்துக்கொள்ள ஓரிடமும் கிடையாது. ஊரில் இருந்த ஒரே அண்ணன், என்னைக் கப்பலேற்றிய அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டார் என்று கேள்வி. ஆகவே அந்தக் கிளிப்பச்சைப் பொதியை எப்படியாவது விற்றுத் தீர வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. அந்த வெறியில்தான் யோசனை பிறந்தது.

கடைக்கு நூல்கண்டு வாங்கச் சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரிய கடையில் கண்ணாடிக்குப் பின்னால் மரத்தாலான வெள்ளைக்காரிகளை நிறுத்தி, கவுன் மாட்டி வைத்திருந்தார்கள். வெளியே கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பக்கத்துக் கடையில் சிகரெட் டப்பாவுக்குள் ஒரு படம் வைத்து விற்றார்கள். ஒரு டப்பாவில் ஒரு படம்; அடுத்த படம் வேண்டுமானால் அடுத்த டப்பா. புகை பிடிக்காதவர்கள்கூட வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடற்பாலத்தில் பஸ் திரும்பி வரும்போது இரண்டையும் என் தலைக்குள் போட்டுக் கலக்கினேன். படத்துக்குப் பதில் கதை. மரப் பொம்மைக்குப் பதில் கதாநாயகி. ஒரு முழம் துணி வாங்கினாலும் ஓர் அத்தியாயம் இலவசம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதாநாயகி நம் கடைத் துணியையே உடுத்திக்கொண்டு வருவாள்!

ராவுத்தர் நெடுநேரம் தாடியைத் தடவினார்.

"கதையை யாரு எழுதுவா?"

"நான்தான் முதலாளி."

"அல்லாவே" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கதாநாயகிக்குச் செண்பகம் என்று பெயர் வைத்தேன். மதராஸ் பத்திரிகைக் கதைகளில் கதாநாயகிகள் மாடியில் நின்று கடலைப் பார்ப்பார்கள். என் செண்பகமோ தெப்ராவ் பக்கத்துத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில், கடைசிக் கதவில் குடியிருந்தாள். விடியுமுன் எழுந்து ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போனாள். வாங்குகிற சனங்கள் தங்களைப் போலவே ஒருத்தியைப் பார்த்தால் ஒட்டிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. கணக்கு தப்பவில்லை. அதுதான் பிற்பாடு வினையாக முடிந்தது.

சிங்கப்பூர் அச்சுக்கூடம் ஒன்றில் ரோஸ் நிறத் தாளில் அச்சடித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெப்ராவ் சாலையிலிருந்த ஒரு பெரிய தோட்டத்துக்குப் போவேன். அங்கே பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே தாளைக் கொடுத்துவிட்டு நானே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தும் காட்டுவேன். முதல் வாரம் ஒரு துண்டும் இரண்டு ரவிக்கைத் துணியும் போயின. மூன்றாம் வாரம் மூட்டை காலி. லயத்துக்கு லயம் தனித்தனியாகத் தாள் வேண்டும் என்று சண்டையே நடந்தது.

எல்லாருக்கும் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்பவள் அஞ்சலை என்கிற பால் வெட்டுக்காரி. நாற்பது வயதிருக்கும். குரல் எடுத்தால் பால் நிறுக்கிற ஸ்டோர் வரைக்கும் கேட்கும். அவள் அழுதால் லயமே அழும். அவள் வாங்கினால் லயமே வாங்கும். செண்பகத்தின் அப்பன் செத்த வாரம் நன்றாக அழுதாள், நன்றாக விற்றது. புருஷன் ஓடிப்போன வாரம் இன்னும் அழுதாள், இன்னும் விற்றது. அழுகைக்கும் வியாபாரத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இருப்பதை உலகத்தில் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆகவே கூடப்பிறந்தவர்களும் வேண்டாம் என்று, இருந்த ஒரு தம்பியையும் ஆற்றில் தள்ளிவிட்டேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கிளிப்பச்சைப் பொதியை விற்க வேண்டிய தருணம். இதுவரை காணாத அழுகை வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். செண்பகம் காய்ச்சலில் கிடக்கிறாள். தீபாவளிக்கென்று ஆசை ஆசையாக வாங்கிய கிளிப்பச்சைச் சேலையை (அரக்குக் கரையை மூணு இடத்துல சொல்லியிருந்தேன்) எடுத்துக் கட்டிவிடச் சொல்கிறாள். கட்டிக்கொண்டு சாகிறாள். அத்தோடு விட்டேனா? அந்தச் சேலையோடேயே எரிக்கிறார்கள். சாம்பலைத் தெப்ராவ் ஆற்றில் கரைக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்தில் அதை வாசித்து முடித்தேன். அஞ்சலை மார்பில் அறைந்துகொண்டு ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், என் ரோமமெல்லாம் சிலிர்த்தது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நான் மனசுக்குள் சேலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு அஞ்சலை எழுந்து, அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். எல்லாரும் வரிசையாகக் குழாயடிக்குப் போய்த் தலை முழுகினார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய கலைஞனின் முன்னால் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று எண்ணி, விசிலடித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

அடுத்த வாரம் தோட்டத்து ஆள் ஒருவர்கூடக் கடைப் படி ஏறவில்லை. ஒரு நூல்கண்டு போகவில்லை. ராவுத்தர் என்னைப் பார்த்த பார்வையில் தீபாவளி இல்லை, கப்பல்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓடினேன்.

"என்னாக்கா, யாரும் கடைப்பக்கமே வரல? தீபாவளி வருதுல்ல?"

அஞ்சலை கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்: "சாவு விழுந்த வீட்டுல தீவாளி ஏதுப்பா?"

"யாரு செத்தா?"

நிமிர்ந்து பார்த்தாள். நான் பைத்தியமா என்று பார்க்கிற பார்வை. "நீதானே வந்து சொன்ன. செண்பகம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வேளை, வெளியே வரவில்லை. "அக்கா, அது கதை. அப்படி ஒருத்தி கிடையாது."

"கதைன்னு எங்களுக்கும் தெரியும்லா. நாங்க என்னா மாடா? அதுக்காவ? கடைசிக் கதவு வீடு, நாலரை மணிக்குப் பேர் கூப்பிடுற பிரட்டு, அந்தக் காய்ச்சல், எல்லாம் கதையா? அவ எங்க லயத்துப் பொண்ணுப்பா."

"சரி, அந்தப் பச்சைச் சேலையாவது..."

"செத்தவளுக்குக் கட்டி எரிச்ச சேலையை உசுரோட இருக்கிறவ கட்டுவாளா? உன் வீட்டுல கட்டுவாங்களா?"

(என் வீட்டுலயும் கட்ட மாட்டாங்க. எழுதும்போது இது எங்கே போச்சுன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல.)

அன்று கடைக்குத் திரும்பி வந்து ராவுத்தரிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். பொதியின் மேல் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "தம்பி, சாகிறவளுக்கு எதுக்கு நம்ம கடைச் சேலை? அடுத்த கடைச் சேலையைக் கட்டிவிட்டிருக்கலாமே" என்றார். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று நெஞ்சு வெடித்தது.

அவசர அவசரமாக இன்னொரு அத்தியாயம் எழுதினேன். செண்பகம் சாகவில்லை, செத்தது வேறொருத்தி. நடுவாரத்தில் கொண்டுபோய் வாசித்தேன். நாலு வரி போவதற்குள் அஞ்சலை கையை நீட்டி நிறுத்தினாள்.

"எரிச்சாச்சுன்னு நீதானே படிச்ச? சாம்பலைக் கரைச்சதையும் நீதானே படிச்ச? அலமாக்! அப்ப இப்ப வந்து நிக்கிறது யாரு, பேயா? தாளைச் சுருட்டு. கர்ப்பிணிப் பொண்ணுங்க இருக்கு."

சுருட்டினேன். அவள் விடவில்லை.

"பதினாறாம் நாளு காரியம் பண்ணணும். யாரு பண்ணுவா? அப்பனைக் கொன்ன. புருஷனை ஓட்டிவிட்ட. தம்பியை ஆத்துல போட்ட. ஒரு ஆண்பிள்ளையை மிச்சம் வெச்சியா நீ? நீதான் கொண்டாந்த, நீதான் கொண்டுபோன. நீயே பண்ணு."

ஓடிப்போய் ராவுத்தரிடம் கேட்டேன். அவருக்கு எங்கள் சடங்கு தெரியாது, வியாபாரம் தெரியும். "மொட்டை போட்டா தீபாவளி கொண்டாடுவாங்களாமா? அப்படின்னா இன்னிக்கே போட்டுக்க" என்றார்.

பதினாறாம் நாள் காலை, தெப்ராவ் ஆற்றங்கரையில் என் கிராப்பு போயிற்று. மீசையும் போயிற்று. மூன்று வருஷம் வளர்த்த அந்த முடி, வாசனை எண்ணெயோடு ஆற்றில் மிதந்து போனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லாத ஒருத்திக்கு இருக்கிற முடியைக் கொடுத்தவன் இந்த ஜொகூரில் நான் ஒருவன்தான். கருமாதி செய்விக்க வந்த பண்டாரம் "பிரேதத்துக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டார். "அண்ணன்" என்று அஞ்சலை பின்னாலிருந்து சொன்னாள்.

பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்து இலையில் ஒரு பிடி அரிசி போட்டார்கள். போடும்போது ஒவ்வொருத்தியும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். மந்திரம் என்று நினைத்தேன். அஞ்சலை போடும்போதுதான் காதில் விழுந்தது. அது ஒரு பெயர். "பாக்கியம்" என்றாள்.

"பாக்கியம் யாருக்கா?"

"எம்மவ. போன வருசம் காய்ச்சல்ல போனா. பொதைச்ச மறுநாளே வெட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க, போனேன். பதினாறும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுங்க எல்லாருக்கும் அப்படி ஒண்ணு இருக்கு."

இலையில் அரிசி குவிந்துகொண்டே போயிற்று. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பெயர். பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் பெயர்கள், இரண்டொரு பையன்களுடையவை. நான் மொட்டைத் தலையோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன். இவர்கள் வாராவாரம் அழுததற்கு என் எழுத்துத் திறமை காரணமில்லை என்று அப்போது புரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

ஆனால் என் கேவலத்தையும் சொல்லிவிட வேண்டும். அத்தனையும் கேட்ட பிறகு, ஈரத் துணி காய்வதற்குள், நான் அஞ்சலையிடம் போய், "அப்போ தீபாவளிக்கு வந்துடுவீங்கல்லக்கா?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. பரிதாபமாகத்தான் பார்த்தாள்.

"காரியம் முடிஞ்சா தீட்டுதாம்ப்பா போவும். சாவு விழுந்த வருசம் பண்டிகை கெடையாது. உனக்குந்தான். நீ அண்ணன்ல?"

தீபாவளியன்று கடையில் நானும் ராவுத்தரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் என் மொட்டையையும் சேர்த்துப் பார்த்தார். தை மாதம் கடையை மூடினார். கிளிப்பச்சைப் பொதி மெத்தை தைக்கிறவரிடம் போயிற்று. ஜொகூர் பாருவில் பாதிப் பேர் சில வருஷம் அதன் மேல்தான் தூங்கினார்கள். கப்பலேறப் புறப்பட்ட அன்று ராவுத்தர் என் தோளைத் தொட்டு, "கதை நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. எனக்கே கண்ணு கலங்குச்சு. ஆனா நாம துணிக்கடைலா" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை காலம் அது உறுத்தியிருக்காது.

எனக்கு ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டைக் கணக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. கதை எழுதுவது அத்தோடு நின்றது. அடுத்த வருஷம் அதே நாள் நெருங்கியபோது அஞ்சலை ஆள் அனுப்பினாள்: காரியம் செய்தவன் திதியும் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். அதற்கடுத்த வருஷமும் கொடுத்தேன். கல்யாணமாகி வந்த என் மனைவி, நாத்தனாரின் திதி என்று பயபக்தியோடு இலை போட்டாள். நாத்தனார் எப்படிப்பட்டவள் என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. அஞ்சலை போன பிறகு அவள் பெயரையும் பாக்கியத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டோம். என் பிள்ளைகளுக்குச் செண்பகம், செண்பக அத்தை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பெரியவன், அத்தை திதி என்று சொல்லி வருஷம் ஒரு நாள் லீவு வாங்கிவிடுகிறான்.

போன தடவை மருமகள் புதிது. இலைக்கு முன்னால் கும்பிட்டு எழுந்து, "செண்பக அத்தை எப்படி மாமா செத்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான்தான்மா கொன்னேன்" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வருஷா வருஷம் சிரிப்பதுதான்.

"ஆமா" என்றாள் என் மனைவி, சோற்றைப் பரிமாறிக்கொண்டே. "பச்சைச் சேலை விக்கிறதுக்காவ."