நேயர் குமரேசனின் பிறந்தநாள்

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு வானொலி நிலையம் நடத்தினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அறிவிப்பாளர் நான். நேயர்களும் நானே.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை, மேனாம்பேட்டில் மாடி அறை. பட்டறையில் எல்லோரும் டிரம்ஸ் அதிரும் புதுப்பாட்டுக்குத் தலையாட்ட, நான் மட்டும் என் அப்பா காலத்து மெல்லிசையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். (இருபத்திரண்டு வயதில் அறுபது வயதுக் காது.) பாட்டைப் பற்றிப் பேச ஆளில்லை. எனக்கோ பாட்டைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் டேப் ரெக்கார்டரில் பாட்டுகளைப் பதிவுசெய்து, நடுநடுவே கனத்த குரலில் அறிவிப்பும் செய்வேன்.

வீட்டுக்காரரின் மனைவி மல்லிகா அக்கா, கீழ்வீட்டில் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தார். மைக்செட்காரர் போட்ட புதுப்பாட்டுகள் தலைவலியாக இருக்கின்றன என்று பெரியவர்கள் சொன்னதால், மாடியேறி வந்து என்னிடம் பழைய பாட்டு கேசட் கேட்டார். என் ரசனையைத் தேடி வந்த முதல் ஆள். அந்தப் பூரிப்பில் நான் எடுத்துக் கொடுத்தது நிலையத்து கேசட்.

பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்தது. கம்பத்து ஸ்பீக்கரில் என் குரல் தெருவெங்கும் முழங்கியது.

"அடுத்த பாடலை விரும்பிக் கேட்பவர்கள், மேனாம்பேடு குமரேசன், குமரேசனின் நண்பர்கள், அந்த நண்பர்களின் நண்பர்கள்."

பந்தியே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துப் பார்த்தேன். குரல் விடவில்லை.

"இன்று பிறந்தநாள் காணும் நேயர் குமரேசனுக்கு நிலையத்தின் வாழ்த்துகள். வேறு யாரும் வாழ்த்தாததால், மறுபடியும் வாழ்த்துகள்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை. யாரோ ஊற்றிவிட்டுப் போன சாம்பாரைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மல்லிகா அக்கா பாயச வாளியோடு வந்து என் எதிரே நின்றார்.

"எப்பப்பா பொறந்தநாளு?"

"போன மாசமே முடிஞ்சிருச்சுக்கா."

"கீழதானே கீறோம் நைனா. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

கேட்டுக்கொண்டே இலையில் பாயசத்தைக் கவிழ்த்தார். அது சாம்பாரோடு கலந்தது. அப்படியே சாப்பிட்டேன்.

பிறகு வந்த பிறந்தநாள்களுக்கெல்லாம் சாப்பாடு கீழ்வீட்டில்தான். எனக்குப் பெண் பார்த்த இடத்திலும் அக்கா இந்தக் கதையைத்தான் முதலில் அவிழ்த்துவிட்டார். அந்த நிலையத்தை இழுத்து மூடத்தான் என்னைக் கட்டிக்கொண்டதாக என் மனைவி இன்றும் சொல்லித் திரிகிறாள்.

நான் பழைய பாட்டுப் போட்டால், "இன்னிக்கு எத்தனை நேயர்ப்பா?" என்பாள் மகள். அவளுடைய பாட்டு அவள் காதுக்குள் மட்டும்தான் கேட்கும். போன வாரம் என்ன கேட்கிறாய் என்றேன். ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றித் தந்தாள். ஒரே இரைச்சல். பாட்டு முடியும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை.