முந்நூறு கிலோமீட்டர் தாய்மாமன்

ஒரு காட்டில் முதலில் கரண்டு கம்பம் வந்தது. பிறகு கரண்டு வந்தது. ரொம்பக் காலம் கழித்துக் கரண்டில் ஓடும் காரும் வந்தது. வந்த வாரமே அதை வாங்கியது பெரியகருப்பன் என்ற கரடி.

கரடிக்குக் கார் எதற்கு என்று நீங்கள் கேட்கக் கூடாது. காட்டில் யாரும் கேட்கவில்லை. ஒன்றை வாங்கியவனிடம் "எதற்கு" என்று கேட்பது அநாகரிகம். "எவ்வளவு" என்று கேட்பதுதான் மரியாதை. அதிலும் இந்தக் காரைப் பொறுத்தவரை "எவ்வளவு" என்றால் விலை இல்லை. "எவ்வளவு குடுக்குது?" என்பார்கள். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்று அர்த்தம்.

கடையில் விற்பனையாளராக ஒரு கிளி இருந்தது.

"முந்நூறு கிலோமீட்டர் சார்" என்றது கிளி.

"நெசமாவா?"

"சான்றிதழ் இருக்கு சார்."

"மேட்டுல ஏறுமா?"

"சான்றிதழ் இருக்கு சார்."

"நாங்க கொஞ்சம் கனத்த குடும்பம்."

"சான்றிதழ் இருக்கு சார்."

தன் வாழ்நாளில் இத்தனை தெளிவாக யாரும் கரடிக்குப் பதில் சொன்னதில்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டது.

ஆனால் பெருமைக்காக மட்டும் வாங்கியதாகச் சொன்னால் பாவம். பெரியகருப்பனுக்கு ஒரு தங்கச்சி உண்டு, பேச்சி என்று பெயர். மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. பேச்சியின் மூத்த பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தபோது, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளைக்கு மடி வந்து சேரவில்லை. மடி அப்போது ஒரு தேனடைக்குப் பக்கத்தில் மரத்தின்மேல் இருந்தது. நாளே மறந்துபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் யாரோ ஒரு தூரத்துச் சொந்தத்தின் மடியைக் கடன் வாங்கிக் காது குத்தினார்கள். பேச்சி அன்று குனிந்த தலைதான், புகுந்த வீட்டில் பிறகு நிமிரவே இல்லை.

இப்போது இளையவளுக்குக் காதுகுத்து. பேச்சியே வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்தது.

"அண்ணே, சீரு செனத்தியெல்லாம் எனக்கு வேணாம். ஒன் மடி வேணும். உச்சிவேளைக்குள்ள நீ கோயில்ல இல்லேன்னா, எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்லைன்னு நெனச்சுக்கிருவேன்."

"என்ன தாயி இப்பிடிச் சொல்லிட்ட? வெளியில நிக்கிறது யாருன்னு பாத்தியா? முந்நூறு குடுக்கும். ஒன் கோயில் அதுல கால்வாசிகூட இல்ல. போயிட்டுத் திரும்பி மறுபடியும் வந்து ஒரு வாய் பாயசம் குடிச்சிட்டுப் போலாம்."

உண்மைதான். கணக்குப்படி போகலாம். கணக்கில் மலை இல்லை.

காதுகுத்து அன்று காலையில் பூசணிக்காய் உடைத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஐந்து பேர் உட்காரும் வண்டி என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஐந்து என்பது கம்பெனியின் அபிப்பிராயம். பெரியகருப்பன், பெண்சாதி ஒச்சம்மா, சித்தப்பா, கொழுந்தியாள் இரண்டு பேர், மடியில் உட்காரும் குட்டிகள், மடியில் உட்கார மறுக்கும் குட்டிகள். சீர் என்று தனியாக வாழைத்தார், பலாப்பழம், தேன் பானைகள், வெண்கல அண்டா. பேச்சி வேண்டாம் என்றது என்னவோ நிஜம். ஆனால் வேண்டாம் என்ற சீரைக் கொண்டுபோகாதவனைத்தான் காடு ஏசும்.

வண்டித் திரையில் முந்நூறு என்று காட்டியது. எலுமிச்சம்பழத்தை ஏறி நசுக்கியதும் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"பழம் பெரிசு போலருக்கு" என்றது சித்தப்பா.

முதல் திருப்பத்திலேயே ஏசி போடச் சொன்னார்கள். எல்லோரும் கம்பளியோடு பிறந்தவர்கள், வேறு வழியில்லை. ஏசியைத் தட்டியதும் எண் ஐம்பது குறைந்தது. பாதையில் ஓர் ஆட்டுமந்தை கடக்கட்டும் என்று ஓரமாக நின்றார்கள். எண் நிற்கவில்லை.

"என்னங்க, நாம நிக்கிறப்பவும் இது ஓடுதே?" என்றது ஒச்சம்மா.

"அதான் புது டெக்னாலஜி."

மலையேற்றம் தொடங்கியது. மலை என்றால் கரடிக்குத் தெரியும்; அதன் பாட்டன் பூட்டன் எல்லாம் கால்நடையாக ஏறிய மலைதான். அன்று வரைக்கும் மலை உயரமானது என்று அதற்குத் தோன்றியதில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஏசியை அணைத்தார்கள். பாட்டை அணைத்தார்கள். கண்ணாடியை இறக்கினால் காற்று தடுக்கும் என்று ஏற்றி, ஏற்றினால் மூச்சு முட்டுகிறது என்று இறக்கினார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கவும் கரண்டுதான் செலவாகும் என்று கொழுந்தியாள் சொன்னதும் பாதியில் விட்டார்கள். குட்டிகளைப் பேசக் கூடாது என்று அதட்டினார்கள்.

"நாங்க பேசுனா சார்ஜ் கொறையுமா அப்பா?"

"வாய மூடு. இப்பக் கேட்டதுலயே ரெண்டு கொறஞ்சுபோச்சு."

பாதி மலையில் ஒரு சார்ஜ் கம்பம் இருப்பதாகத் திரை சொன்னது. இருந்தது. கம்பம் நட்டுப் பல மழைக்காலம் ஆகியிருந்தது. கரையான் அதைச் சுற்றிப் புற்று கட்டியிருந்தது. புற்று வந்த இடத்துக்கு மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, பின்னாலேயே உண்டியலும் ஓர் உடும்புப் பூசாரியும் வந்துவிட்டார்கள். சார்ஜ் போடும் ஒயர், மாலை போட்டுக்கொண்டு புற்றுக்குள்ளிருந்து வாலாட்டியது.

"ஐயா, கொஞ்சம் சார்ஜ் ஏத்திக்கிறேன்" என்றது கரடி.

"சாமிகிட்ட எதையும் ஏத்தப்பிடாது. எறக்கிவச்சுட்டுப் போகலாம்" என்றது உடும்பு. "முட்டை இருக்கா?"

முட்டை இல்லை. ஒரு பானை தேனை இறக்கி வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கும்பிட்டு எழுந்த நேரத்தில் இன்னும் மூன்று கிலோமீட்டர் குறைந்திருந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு சிறுத்தை தன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, பானட்டின்மேல் படுத்துக் கிடந்தது. பெரியகருப்பன் ஆசையாக வேகத்தைக் குறைத்தது.

"என்னப்பா, நின்னுருச்சா?"

சிறுத்தைக்கு மீசை துடித்தது. "எது? என்னுதா? நானூறு குடுக்குற வண்டி. இயற்கைய ரசிக்கலாம்னு நிப்பாட்டினேன்."

"எப்பத்துலேருந்து ரசிக்கிற?"

"முந்தாநாள்லேருந்து."

"நல்லா ரசி."

வண்டி நகர்ந்ததும் உள்ளே ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பாரத்தைக் குறைத்தால்தான் தேறும் என்று முதலில் சொன்னது ஒச்சம்மா. சீரை எறியவா என்று கேட்டது கொழுந்தியாள். "சீர எறியப்பிடாது, தெய்வ குத்தம்" என்ற சித்தப்பா ஒரு வழி சொன்னது: "தின்னுருவோம்."

அதுதான் சரி என்று எல்லோருக்கும் பட்டது. வாழைத்தாரைத் தின்றார்கள். பலாவைப் பிளந்தார்கள். மிச்சத் தேனையும் நக்கினார்கள். கடமை உணர்வோடு தின்றார்கள். குட்டிகளுக்கு வாயைத் திறக்க ஏக சந்தோஷம். தின்று முடித்துத் திரையைப் பார்த்தால் எண் இன்னும் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இத்தனையும் காலி பண்ணிட்டோமே, எப்பிடி?" என்றது பெரியகருப்பன்.

தார் இருந்தது பின்சீட்டில். இப்போது இருப்பதும் பின்சீட்டில்தான், வேறு பாத்திரத்தில். இது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். எடுத்தது ஓர் ஓணான். எதைக் கேட்டாலும் தலையாட்டுவது அதன் சுபாவம்; போனில் அது கேட்காது. கரடி "அலோ, அலோ" என்று கத்தியே தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியில் ஓணான் பேசியது.

"வண்டில எத்தன பேரு சார்?"

"குடும்பத்தோட இருக்கோம்."

"ஏசி போட்டீங்களா?"

"இப்ப இல்ல."

"முன்னாடி போட்டீங்கள்ல? மேட்டுல ஏறுறீங்களா?"

"கோயில் மேட்டுலதானய்யா இருக்கு!"

"அதான் சார். எங்க சோதனைல ஓட்டுனது ஆமை. ஏசி போடல. ஒத்த ஆளு. தலையயும் உள்ள இழுத்துக்கிட்டார், காத்தே தடுக்கல. ஆமை வேகம். மலை உச்சியிலேருந்து கீழ வரைக்கும். முந்நூத்தி ஒண்ணு வந்துச்சு. நேர்மையான கம்பெனி சார், ஒண்ணக் கொறச்சுப் போட்டோம்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"நீங்களும் முயற்சி பண்ணலாம் சார். முடிஞ்ச அளவு ஆமையா இருங்க."

பெரியகருப்பன் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு ஒரு வளைவு வரை ஓட்டியது. அடுத்த வளைவில் திரை பூஜ்யம் என்றது. வண்டி ஒரு பெருமூச்சுகூட விடாமல் நின்றது.

கோயில் மேளம் அங்கேயே கேட்டது. பக்கத்தில் ஒற்றையடிப் பாதை இருந்தது. பாறைமேல் ஏறினால் கோயில். சூரியன் உச்சிக்கு வராமல் இன்னும் சாய்வாகத்தான் இருந்தது.

"எறங்குங்க" என்றது ஒச்சம்மா. "நடந்தா போயிரலாம். பிள்ளைய மடில வைக்க நேரம் இருக்கு."

"நடந்தா?"

"நாலு காலு எதுக்கு இருக்கு?"

"சீரத் தின்னாச்சு, மிச்சம் வெறும் அண்டா. வண்டியும் இல்லாம, வேர்த்து விறுவிறுத்து, கால்நடையா போயி அவங்க முன்னாடி நிக்கச் சொல்றியா? ஊரெல்லாம் கார்ல வாறேன்னு சொல்லியாச்சு. வீரணன் வாய் சும்மா இருக்குமா?"

வீரணன் பேச்சியின் புருஷன். வாய் சும்மா இருக்காதுதான்.

"ஒங்க தங்கச்சி கேட்டது மடிய. கார இல்ல."

"மடிக்கு ஒரு மதிப்பு வேணும்ல?"

ஒச்சம்மா கொழுந்தியாள்களோடு இறங்கி வண்டியின் பின்னால் போய் நின்றது. குட்டிகளும் நின்றார்கள். சித்தப்பா உள்ளே இருந்தபடி "ஐலசா" சொன்னது. பெரியகருப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தது.

நடந்தால் ஒற்றையடிப் பாதை. தள்ளினால் தார்ச்சாலை, அது மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். நேற்றைய மழையில் சேறு வேறு. மேளம் ஒரு தடவை உச்சத்துக்குப் போய் அடங்கியது. ஒச்சம்மா நிமிர்ந்து பார்த்தது. கரடி கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டது. மறுபடியும் தள்ளினார்கள்.

கடைசி வளைவுக்குப் பிறகு கோயில் வரை லேசான இறக்கம். எல்லோரும் ஏறிக்கொண்டார்கள், வண்டி தானாக உருண்டது. கரண்டு வண்டியில் ஒரு வசதி: ஓடும்போதும் சத்தம் இல்லை, உருளும்போதும் இல்லை. பார்த்தவர்களுக்கு ராஜா வருவதுபோல இருந்தது.

கோயிலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. காது குத்தும் ஆசாரி மரங்கொத்தி. அதற்குக் கார் கிடையாது, நேரத்துக்கு வந்து நேரத்துக்கே கொத்திவிட்டுப் போய்விட்டது. சந்நிதிக்கு எதிரில் ஒரு மரக்கட்டை கிடந்தது. கட்டைக்கு வேட்டி கட்டி, துண்டு போட்டு, சந்தனம் பூசியிருந்தார்கள். இன்னொரு தடவை மடி கடன் கேட்க முடியாது என்று பேச்சி மறுத்துவிட்டதாம். அதன்மேல் உட்காரவைத்துத்தான் காது குத்தியிருக்கிறார்கள். அழுது ஓய்ந்த குட்டி, காதில் புதுக் கம்மலோடு அந்தக் கட்டையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

பேச்சி வந்தது. கண் சிவந்திருந்தது.

"ஏண்ணே? வழில ஏதும் ஆயிருச்சா? வண்டி கிண்டி நின்னுருச்சா?"

ஆமாம் என்று சொல் அண்ணே என்று அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு கெஞ்சல் இருந்தது. வண்டி நின்றுபோனால் யார் என்ன செய்ய முடியும்? வண்டிமேல் கோபித்துக்கொண்டு அண்ணனுக்குச் சோறு போட்டுவிடலாம்.

அதற்குள் வீரணன் காரைச் சுற்றி வந்துவிட்டது. டயரைக் காலால் தட்டியது. பின்னால் பத்துப் பதினைந்து உறவுக் கரடிகள்.

"மச்சான், எவ்வளவு குடுக்குது?"

பெரியகருப்பன் தங்கச்சியைப் பார்த்தது. மாப்பிள்ளையைப் பார்த்தது.

"முந்நூறு."

"இந்த ஏத்தத்துலயுமா?"

"ஏத்தம் எறக்கம் எல்லாம் இதுக்கு ஒண்ணுதான் மாப்ளே."

"எங்கயும் நிக்கல?"

"நிக்கிறதா? இதா?" என்று சிரித்தது. "நாந்தான் காலைல கொஞ்சம் அசந்து தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா" என்றது பேச்சி. கேள்வி மாதிரி இல்லை.

எல்லோரும் ஒச்சம்மாவைப் பார்த்தார்கள். முகத்தில், மார்பில், முழங்காலில் சேறு. தலையில் வைத்த பூ எந்த வளைவில் விழுந்ததோ. வீரணன் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒச்சம்மா பேச்சியைப் பார்த்தது, அந்தப் பெண்களைப் பார்த்தது, முகத்துச் சேற்றைப் புறங்கையால் துடைத்துக்கொண்டது.

"போன வாரம் முந்நூத்திப் பத்தே குடுத்துச்சு" என்றது.

பேச்சி தூங்கும் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டது. சாப்பிட வா என்று சொல்லவில்லை.

அந்த முதல் வளைவு வரை மட்டும் மறுபடியும் தள்ளினார்கள்; அதற்குப் பிறகு திரும்பும் வழி முழுக்க இறக்கம். வண்டி சான்றிதழ் சொன்னது போலவே ஓடியது. சக்கரம் உருண்டதிலேயே சார்ஜ் ஊறி, திரையில் எண் கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது.

அந்த வாரமே வீரணன் ஒரு கார் வாங்கியது. மச்சான் வண்டி முந்நூறு என்றால் தன் வண்டி முந்நூற்றைம்பது என்று சொல்லிக்கொள்கிறது. அண்ணன் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது, தங்கச்சி வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. இரண்டிலும் ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏறுகிறது. இடையில் போக்குவரத்துதான் இல்லை.

நீதி: விற்றவன் சொன்ன பொய் பாதி மலையில் நின்றுவிடும், உச்சி வரை போய்ச் சேருவது வாங்கியவன் சொல்லும் பொய்தான். ஆகவே நெடுந்தூரம் போக விரும்புவோர் பின்னாலிருந்து தள்ளுவதற்குப் பெண்சாதியை அழைத்துச் செல்க.