மாட்டுத் தொழுவத்தில் ஓர் இத்தாலிக் கார்

சின்னப் பையன் பொம்மைக் காரோடு உட்கார்ந்தால் அதற்கு விளையாட்டு என்று பெயர். நாற்பது வயதுக்காரன் உட்கார்ந்தால் ஹாபி. பெயர் மாறியதால் வீட்டில் விழும் திட்டு குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். (கூடத்தான் செய்யும்.)

துபாயிலிருந்து வந்த மைத்துனன் எனக்கு ஒரு பெட்டி கொடுத்தான். உள்ளே பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் துண்டுகளாக. நாமே ஒட்டி, பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டும். முடித்தால் ஒரு சாண் நீளம். எங்கள் வாசலில் நிற்பதோ உதைத்தாலும் கிளம்பாத ஸ்கூட்டர். பெட்டியைத் திறந்த நிமிஷத்திலிருந்து நான் வீட்டுக்கு உதவாதவனாகிப் போனேன்.

நேரம்தான் சரியில்லை. அது டிசம்பர் மாதம். அஸ்தினாபுரத்தில் எங்கள் சர்ச்சில் வருஷா வருஷம் வீட்டுக் குடில் போட்டி உண்டு; இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தை வீட்டில் பொம்மைகளால் அமைக்க வேண்டும். ஃபாதரே வீடு வீடாக வந்து பார்ப்பார். முதல் பரிசு எப்போதும் எதிர்வீட்டு பிலோமினா அக்காவுக்கு. இரண்டாவது என் மனைவி ஸ்டெல்லாவுக்கு.

"இந்த வருஷமும் செகண்டுன்னா, இனிமே நம்ம வீட்டுல குடிலே கிடையாது" என்று அறிவித்துவிட்டாள்.

ஸ்டெல்லா பள்ளியில் சயின்ஸ் டீச்சர். சும்மா விடுவாளா? இந்தத் தடவை குடிலின் திரையை விலக்கியதும் ஒரு நட்சத்திரம் நைலான் கயிற்றில் வழுக்கிக்கொண்டே வந்து, தீவனத் தொட்டிக்கு நேர் மேலே நின்று, பளிச்சென்று வெளிச்சம் போடும். பிலோமினா அக்கா காப்பியடித்துவிடக் கூடாது என்று மொத்தக் குடிலையும் பழைய புடவையால் மூடி வைத்திருந்தாள். தொட்டி மட்டும் காலி. குழந்தை இயேசு பீரோவுக்குள் இருந்தார். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்த பிறகுதான் அவரைத் தொட்டியில் வைப்பது வழக்கம்.

போட்டியன்று மத்தியானம் காருக்குக் கடைசிக் கோட் சிவப்பு அடித்தேன். வெளியே தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், வீடெல்லாம் புழுதி. ஒரு தூசி பட்டாலும் பளபளப்பு போச்சு. எங்கே காய வைப்பது? அலைந்து பார்த்தேன். கண்ணில் பட்டது அந்தப் புடவை. உள்ளே தூசி இல்லை, மெத்தென்று வைக்கோல் போட்ட காலித் தொட்டி. அளவெடுத்துச் செய்த மாதிரி கார் கச்சிதமாக உட்கார்ந்தது. ஏழு மணிக்குத்தானே வருகிறார்கள், அதற்குள் எடுத்துவிடலாம் என்று போய்ப் படுத்துவிட்டேன்.

அஞ்சரைக்கே காலிங் பெல் அடித்தது. ஃபாதர், பின்னாலேயே அக்கம்பக்கத்துக் கூட்டம், அதற்கு நடுவில் பிலோமினா அக்கா. ஸ்டெல்லா லைட்டை அணைத்தபோதுதான் எனக்குச் சுரீரென்றது.

"ஸ்டெல்லா, ஒரு நிமிஷம்..."

"சும்மா இருங்க. எல்லாத்துலயும் மூக்கை நுழைச்சிக்கிட்டு."

புடவை விலகியது. நட்சத்திரம் அழகாக இறங்கி வந்து நின்றது. வெளிச்சம் விழுந்தது. மாதா கைகூப்பியிருக்க, சூசையப்பர் மண்டியிட்டிருக்க, இடையர்கள் மெய்ம்மறந்து பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் ஜொலித்தது என் சிவப்புக் கார்.

முதலில் வாயைத் திறந்தது பிலோமினா அக்காதான். அவர் பிறந்து வளர்ந்தது பம்மல்.

"இன்னாமா ஸ்டெல்லா, மாதா இன்னாத்த கும்புட்டுகினு கீது?"

ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "நல்லா இருக்கே. என்ன வண்டி இது?"

அவர் கேட்டது கேலிக்கு என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். நான்தான் மடையனாயிற்றே! "ரொம்பப் பழைய மாடல் ஃபாதர். இத்தாலி. பன்னெண்டு சிலிண்டர். பானட்டைத் திறந்தா இன்ஜினே தெரியும்" என்று ஆரம்பித்துவிட்டேன். ஸ்டெல்லா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே பொசுங்கிப்போனேன்.

அவசரமாகக் காரைத் தூக்கினேன். பெயிண்ட் காயவில்லை. வைக்கோல் மொத்தமும் கூடவே வந்தது. என் முழங்கை பட்டு ஒரு இடையன் சாய்ந்தான், அவன் சாய்ந்ததில் ஒட்டகமும் சாய்ந்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா மட்டும் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. (காருக்காக இல்லை. சரி, கொஞ்சம் காருக்காகவும்தான்.)

முதல் பரிசு வழக்கம்போல எதிர்வீட்டுக்கு. இந்தத் தடவை எங்களுக்கு இரண்டாவதுகூட இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் மைக்கில் சொன்னார்: "பார்க்கிங் வசதியோட அமைஞ்ச ஒரே குடிலுக்கு, ஆறுதல் பரிசு!" சர்ச்சே அதிர்ந்தது. ஸ்டெல்லா விறுவிறுவென்று போய் பரிசு டிபன் பாக்ஸை வாங்கி வந்து என் மடியில் போட்டாள்.

செகண்டே வராததால் அந்த அறிவிப்பு செல்லாதாம். மறு வருஷம் ஸ்டெல்லாதான் ஃபர்ஸ்ட். அதே நட்சத்திரம், அதே கயிறு. ஒரே ஒரு மாற்றம்: டிசம்பர் பிறப்பதற்கு முன்பே என் காரைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

இன்றுவரை அதுதான் நடைமுறை. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும் குடும்பமே குடிலைச் சுற்றி நிற்கும். ஸ்டெல்லா பீரோவைத் திறந்து, குழந்தை இயேசுவைப் பக்தியோடு எடுத்துத் தொட்டியில் கிடத்துவாள். பாட்டுப் பாடி முடிப்போம். அப்புறம் மறுபடியும் பீரோவுக்குப் போய், வைக்கோல் ஒட்டிய அந்தக் காரை எடுத்து வந்து என் கையில் கொடுப்பாள்.

"இந்தாங்க, உங்களுதும் பொறந்தாச்சு."