கடைசிப் படகில் உங்கள் தங்கை ஏறாத விவரம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் இங்கே நலம். "இருவரும்" என்ற சொல்லைத் தயவுசெய்து இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பக்கங்களில் அது கொஞ்ச நேரம் காணாமல் போகும். அப்போது பதறி நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள், உங்களுக்கு முழங்கால் வேறு சரியில்லை. அக்கா பக்கத்தில் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீங்கள் ஏற்பாடு செய்து கொடுத்த இந்தக் கப்பல் பயணம் மிக உயர்வாக இருக்கிறது. பதினான்கு மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல், கதவைத் திறந்தால் யாராவது ஒருவர் நின்றுகொண்டு "நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்கிறார். துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்துக் கட்டிலில் வைக்கிறார்கள். அதைப் பிரிக்க மனசு வராமல் நான் முகத்தைச் சட்டையிலேயே துடைத்துக்கொள்கிறேன். தினம் ஒரு தீவு. எல்லாத் தீவிலும் அதே வெள்ளை மணல், அதே பச்சைத் தண்ணீர், அதே தொப்பிக் கடை.

வினை ஆரம்பித்தது இரண்டாம் நாள் சாயங்காலம், நடன மண்டபத்தில். நடனம் சொல்லித் தருகிற ஒரு மனிதர் மேஜை மேஜையாக வந்து ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தார். உங்கள் தங்கையின் முன்னால் வந்து கையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். எழுந்து போய்விட்டாள் மச்சான். போனது மட்டுமில்லாமல் ஒரு சுற்று சுற்றினாள், ஜனம் கைதட்டியது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா, வந்து உக்காரு!" என்று இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். பாட்டு அந்த நேரம் பார்த்தா முடியணும்? மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. அவள் வந்து உட்கார்ந்தாள், மிச்சமிருந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டு முடித்தாள், ஸ்பூனைக் கீழே வைத்தாள். "இனிமே உங்களோட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அறையில் பற்பசை மட்டும்தான் எங்களுக்குள் கை மாறியது.

நான்காம் நாள் வந்த தீவு சின்னது. பெரிய கப்பல் கரைக்குப் போக முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவார்கள். கடைசிப் படகு நாலு மணிக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஓர் அட்டை உண்டு. இறங்கும்போதும் ஏறும்போதும் கப்பல் வாசலில் இருக்கும் காவலர் அதை மெஷினில் காட்டுவார், டிங் என்று சத்தம் வரும். கப்பலில் யார் இருக்கிறார்கள், கரையில் யார் இருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் கணக்கு. உங்கள் தங்கையின் அட்டையும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அவள் தொலைத்துவிடுவாள் என்று முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னொன்று, கப்பலில் வந்த எல்லாப் பெண்களுக்கும் நீல ரிப்பன் வைத்த வெள்ளைத் தொப்பி இனாமாகக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தொப்பியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மூணு மணிப் படகில் நான் ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடுமே. ஓரக்கண்ணால் பார்த்தேன், பின்வரிசையில் தொப்பி இருந்தது. கப்பல் வாசலில் கூட்டம் நெருக்கியது. இரண்டு அட்டையையும் சேர்த்து நீட்டினேன். காவலர் என்னைப் பார்த்தார், என் முதுகுக்குப் பின்னால் குனிந்திருந்த தொப்பியைப் பார்த்தார், தலையாட்டினார். டிங், டிங். மேல்தளத்தில் தொப்பி ஒரு சாய்வு நாற்காலியில் போய்ப் படுத்தது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம், மச்சான். நானும் பேசவில்லை, தொப்பியும் பேசவில்லை. அஞ்சு மணிக்குச் சங்கு ஊதி, கப்பல் நகர ஆரம்பித்தது. தீவு தள்ளிப் போவதைப் பார்த்ததும் எனக்கு மனசு என்னமோ இளகிடுச்சு. தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "சரி, விடு. தப்பு என்மேலதான். நீ நல்லாத்தான் ஆடினே. உண்மையைச் சொல்லணும்னா எனக்குப் பொறாமை"ன்னு சொன்னேன்.

தொப்பி திரும்பி, கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிச்சு.

"ரொம்ப நன்றி. ஆனா நீங்க யாரு?"

ஒரு பல் டாக்டர் அம்மா, மச்சான். அறுபது வயசிருக்கும். இதுக்கு முன்னாடி நான் அவங்களைப் பாத்ததே இல்லை.

அதுக்கப்புறம் நான் ஓடின ஓட்டம் இருக்கே! அறையில இல்லை. சாப்பாட்டு ஹால்ல இல்லை. நீச்சல் குளத்துல இருந்த நீல ரிப்பன் தொப்பியை எல்லாம் ஒவ்வொண்ணா எட்டிப் பாத்து நாலு பேர்கிட்ட திட்டு வாங்கினேன். பல் டாக்டர் அம்மாதான் என் கையைப் பிடிச்சு நேரா பாதுகாப்பு அதிகாரிகிட்ட கொண்டுபோய் நிறுத்தினாங்க.

அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டுச் சிரிச்சார். "அம்மா மூணு இருபத்தஞ்சுக்கே ஏறிட்டாங்களே."

"இல்லைங்க, ஏறலை."

"கணக்கு தெளிவா இருக்கு சார். கப்பல்லதான் எங்கேயாவது இருப்பாங்க. பியூட்டி பார்லர்ல பாத்தீங்களா?"

அப்பத்தான் என் கை தானா சட்டைப்பைக்குப் போச்சு. ரெண்டு அட்டை.

நான் மில்லுல என்ன வேலை பாத்தேன்னு உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தாங்க, வெளியே போனாங்கன்னு பாக்குற வேலை. ஒரு தடவை ஒரு ஃபிட்டர் தன் சிநேகிதனோட அட்டையையும் சேத்து மெஷின்ல போட்டதைக் கையும் களவுமா பிடிச்சு, பதினஞ்சு நாள் சஸ்பெண்ட் பண்ண வச்சவன் நான். "பின்னாடியேதான் சார் வந்துக்கிட்டிருந்தான்"னு அவன் கெஞ்சினான். கேக்கலையே நான்.

அதிகாரி அதுக்குள்ள வாசல் காவலரை வரச்சொல்லிட்டார். நரைச்ச மீசை, கண்ணியமான மனுஷன். "அந்த அம்மா முகத்தை நீ பாத்தியா, இல்லையா?"ன்னு அதிகாரி கேட்டார். காவலர் முகம் வெளுத்துப்போச்சு. "தொப்பியைப் பாத்தேன் சார்"னார். "வேலை போயிடும், தெரியுமில்ல?"

மச்சான், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. ஒரு நிமிஷம் நான் வாயைத் திறக்கலை. பழி அவர் தலையோட போயிடட்டும்னு ஒரு நிமிஷம் நின்னேன். ஜன்னல் வழியா பாத்தா தீவு உள்ளங்கை அளவு ஆயிடுச்சு. அப்புறம் ரெண்டு அட்டையையும் மேஜை மேல வச்சேன்.

"அவர் மேல தப்பில்லைங்க. ரெண்டையும் நீட்டினது நான்தான். என் பெண்டாட்டி அந்தத் தீவுல இருக்கா. முதல்ல கப்பலை நிறுத்துங்க, அப்புறம் என்னை என்ன வேணா செய்யுங்க."

அதிகாரி சிரிப்பை நிறுத்திட்டு போனை எடுத்தார். கொஞ்ச நேரத்துல காலுக்குக் கீழே இருந்த அதிர்வு அடங்கிச்சு. பதினாலு மாடியும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு. ஒரு வேகப் படகை இறக்கினாங்க. "நீங்க இங்கேயே இருங்க"ன்னார் அதிகாரி. "நான் போகாம யார் போறது?"ன்னு நான் ஏறிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாதுங்கறது படகு அலையில எகிறி விழுந்தப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மதியம் சாப்பிட்டதை எல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கிட்டே போனேன்.

படகுத்துறையில ஒரு ஆள் இல்லை. கடைகளுக்கு ஷட்டர் இறக்கியாச்சு. பலகைப் பாலம் முடியற இடத்துல, தண்ணிக்குப் பக்கத்துல, ஒரு ஜோடி செருப்பு இருந்துச்சு. அவளோடது. ரெண்டும் ஒழுங்கா, சேத்து வச்சிருந்துச்சு. யாராவது கழட்டி வச்சுட்டுப் போனா எப்படி இருக்கும், அப்படி.

பலகை ஓரத்துக்கு ஓடினேன். தண்ணியைப் பாக்கத் தைரியம் வரலை. படகோட்டி என் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடிச்சுக்கிட்டார், குதிச்சிடுவேன்னு நினைச்சிருப்பார் போல.

"செருப்பை மிதிச்சிடாதீங்க. நனைஞ்சு போச்சு, காய வச்சிருக்கேன்."

திரும்பிப் பாத்தா, டிக்கெட் கூண்டுக்குப் பின்னால நிழல்ல ஒரு பெஞ்சு. அதுல உங்க தங்கச்சி, வெறுங்காலோட. ரெண்டு நாளைக்கு அப்புறம் என்கிட்ட பேசின முதல் வார்த்தை அதுதான். நான் அந்தப் பலகையிலேயே உக்காந்து அழுதேன். படகோட்டி நல்ல மனுஷன், கடலைப் பாத்துத் திரும்பிக்கிட்டார். "கூட்டத்துல உங்களை விட்டுட்டேன், படகு போயிடுச்சு"ன்னு அவ சொன்னா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கலை, கோபிச்சுக்கவும் இல்லை.

திரும்பி வரும்போது கப்பலின் எல்லா மாடியிலும் ஜனம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கைதட்டியது. கேப்டன் தட்டவில்லை. என்னை உட்காரவைத்து மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார். இப்படிப்பட்ட கடிதங்களை எத்தனையோ பேரிடம் வாங்கியிருக்கிறேன், எழுதியது இதுதான் முதல் தடவை. காவலரின் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் தங்கையை என்னை நம்பி ஒப்படைத்தீர்கள். ஒரு சாயங்காலம் நான் அவளைத் தவறவிட்டது உண்மை. நீங்கள் எவ்வளவு திட்டினாலும் தலை குனிந்து கேட்டுக்கொள்வேன். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிவுடன்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான். கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு அவர் முகம் கழுவப் போயிருக்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அவரைத் திட்டாதே. நான் எந்தப் படகையும் விடவில்லை. மூணு மணிக்கு அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறும்போது நான் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன். கடைசிப் படகுக்காரர் என்னை ஏற்றிவிடக் கையைக்கூட நீட்டினார். "வாங்கம்மா, இதுக்கப்புறம் படகு கிடையாது"ன்னார். "நீங்க போங்க, எனக்குன்னு ஒண்ணு வரும்"னு சொல்லி அனுப்பிவிட்டேன். கப்பல் நகர்ந்தபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இந்தப் பக்கத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.