பெயர் நீக்கிய ஓலை

பட்டம் வாங்காதவனுக்குத் தூத்துக்குடியில் பெண் கிடைக்காது என்பது அந்தக் காலம். இப்போது ஒரே ஒரு பட்டம் வாங்கியவனுக்கும் கிடைப்பதில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டில், எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறுகிறது என்று கணினியில் பதிந்துகொண்டிருந்த ஸ்டெபினுக்கு இந்த உண்மையை முகத்துக்கு நேரே சொன்னவர் தனராஜ் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாசரேத்துக்காரர், ஸ்டெபின் போகும் ஆலயத்துக்கே வருபவர். ஸ்டெபின் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஜெப்ஸியின் அப்பா.

"தம்பி, நல்ல பையன்னு எல்லாரும் சொல்லுதாவ. சந்தோஷம். ஆனா முதுகலை இல்லாம எம் மவ பேருக்குப் பக்கத்துல உம்ம பேர எப்படி அச்சடிக்கது?"

ஜெப்ஸி இல்லாவிட்டால் ஸ்டெபினுக்கு உலகமே பாழ். ஆகவே அன்றைக்கே முதுகலை தேடினான். அவர்கள் சேகரத்து, அதாவது திருச்சபை வட்டாரத்து, பையன்கள் முக்கால்வாசிப் பேர் ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தார்கள். அதையே படித்தால் என்ன மரியாதை? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று 'அறநெறி டேட்டா சயின்ஸ்' என்று ஒன்றை நடத்துவதைக் கண்டுபிடித்துச் சேர்ந்தான். 'அறநெறி' என்ற சொல்லைக் கேட்டதும் தனராஜ் சார் உருகிவிட்டார். படிப்பில் பாதி கம்ப்யூட்டர், பாதி வேதபாடம் என்று அவராகவே முடிவுகட்டி, வெளியே யாருக்கும் சொல்லாமல் வீட்டோடு நிச்சயத்தையும் முடித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. பட்டம் கைக்கு வர வேண்டும்.

படிப்பின் சாரம் இதுதான்: ஒருவருடைய விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் தொடாதே, தொட்டால் பெயரை நீக்கிவிடு. இதைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் பல்கலைக்கழகம் அவனுடைய கைரேகை, இரண்டு பக்க முகம், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. தேர்வன்று கேமராவைக் கட்டிலுக்கு அடியிலும் காட்டச் சொன்னார்கள். அறத்தைப் பற்றிய தேர்வில் யாரும் அறம் தவறக் கூடாதல்லவா?

கடைசியாக ஒரு செயல்திட்டம். உண்மையான ஒரு நிறுவனத்தில் பெயர் நீக்கத்தை நடைமுறைப்படுத்திக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு பெயர் வெளியே வந்தாலும் பட்டம் கிடையாது. யார்டு மேனேஜரிடம் கேட்டான். "கன்டெய்னருக்கு என்னடே வெக்கம்?" என்று அவர் அனுப்பிவிட்டார். மிஞ்சியது ஆலயம்.

சேகரச் செயலர் அருமைநாயகம் ஓர் அலுவலகத்தில் ஆயுள் முழுக்கச் சுற்றறிக்கை எழுதி ஓய்வுபெற்றவர். எழுத விஷயமில்லாமல் இளைத்துப் போயிருந்தார். ஸ்டெபின் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு முகத்தில் ரத்தம் ஊறிவிட்டது. 'விவரங்களின் கண்ணியம் காத்தல் தொடர்பான' துணைக்குழு அமைந்தது. அது கூடியது, காப்பி குடித்தது, கொள்கையை ஏகமனதாக நிறைவேற்றியது.

"முதல்ல எதுல நடைமுறைப்படுத்துவோம் அண்ணாச்சி?"

"ஓலையில" என்றார் அருமைநாயகம்.

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். மூன்று வாரமும் தடையில்லாமல் கடந்தால்தான் கல்யாணம். அடுத்து வாசிக்க வேண்டிய ஓலை அவனுடையது.

பெயர்கள் குருவானவருக்கும் தெரியக் கூடாது என்று செயலரே வாசித்தார். பெயர்களை ஓர் உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டு, தானும் அவற்றை மறந்துவிட்டதாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். ஆராதனை யூடியூபில் உலகம் முழுக்க நேரலையாகப் போனது. லண்டனிலிருந்து பல்கலைக்கழகத்தின் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணமகன், முப்பதை ஒட்டிய வயது, ஆன்லைனில் முதுகலை பயில்பவர். மணமகள், பி.எட். முடித்தவர். இவர்கள் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா?"

சபையில் பாதிப் பையன்கள் ஆன்லைனில் முதுகலை. பெண்கள் எல்லோருமே பி.எட். ஏழெட்டு அம்மாக்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"எம் மவன் எனக்குத் தெரியாம எவளக் கெட்டப் போறான்? தடை!" என்றார் சுதாகரின் அம்மா ரேச்சல்.

"யார் திருமணத்துக்குத் தடை?" என்று கேட்டார் செயலர்.

"அது யாருன்னு நீருதான சொல்லணும்?"

"குறிப்பிட்ட நபர் மீது இல்லாத தடை செல்லாது. நிராகரிக்கப்படுகிறது."

அந்த வாரம் வீட்டுக்கு வீடு அடிதடி. பையன்களின் செல்போன்கள் அரிசிப்பானைக்குள் போயின. மறு ஞாயிறு, "எம் மவன் மாப்பிள்ளை இல்லன்னு மட்டும் எழுதிக் குடும்" என்று ரேச்சல் மன்றாடினார். இல்லை என்று ஏழு பேருக்குச் சொன்னால் எட்டாவது ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்று விளக்கி, செயலர் அதையும் மறுத்தார். ஜெப்ஸியின் சிநேகிதி கிருபையின் வீட்டிலோ, பெண் தங்கள் மகள்தான் என்று முடிவுகட்டிப் பட்டுச்சேலையே எடுத்துவிட்டார்கள்.

அது ஜெப்ஸியின் காதுக்குப் போனது. ஸ்டெபினிடம் கேட்டாள்; பட்டத்துக்குப் பயந்து அவன் மழுப்பினான். மூன்றாவது ஞாயிறு அவளே எழுந்தாள்.

"எனக்குத் தடை இருக்கு. அந்தப் பொண்ணு நான்தானான்னு எனக்குத் தெரியணும்."

"அது மணமகளின் தனிப்பட்ட விவரம். வெளியிட மணமகளின் சம்மதம் வேண்டும்."

"நான் சம்மதிக்கேன்."

"நீங்கள்தான் மணமகள் என்று தெரிந்தால்தானே உங்கள் சம்மதம் செல்லும்?"

ஜெப்ஸி ஸ்டெபினைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. வாயைத் திறந்தால் பட்டம் போகும். பட்டம் போனால் தனராஜ் சார் பெண் தர மாட்டார். திறக்காவிட்டால் பெண்ணே போய்விடுவாள். ஸ்டெபின் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். தடை பரிசீலனையில் இருப்பதாக அறிவித்துவிட்டு, செயலர் அடுத்ததற்குப் போனார். கல்யாணத் தேதியோ வருகிற வியாழக்கிழமை.

"ஆலயத்துக்குப் புதிய மின்விசிறிகள் அன்பளிப்பு. கொடுத்தவர் ஆண், ஓய்வுபெற்றவர்."

"வேய்!" என்று ஒரு சத்தம். தனராஜ் சார் நின்றுகொண்டிருந்தார். "என்ன வாசிக்கீரு? பேர வாசியும்!"

"சார், கொள்கைப்படி..."

"கொள்கையத் தூக்கிக் கடல்ல போடும்! றெக்கைக்கு றெக்கை பேரு எழுதிக் குடுத்திருக்கேன். சுத்தும்போது வாசிக்க முடியலன்னுதான மைக்குல சொல்லச் சொன்னேன்?"

"அப்ப எங்க டியூப் லைட்டு?" என்று எழுந்தார் ரேச்சல். மைக் செட் கொடுத்தவர் எழுந்தார். திரைச்சீலை கொடுத்தவர் எழுந்தார். இரண்டு வாரமாக அடுத்தவர் பெயர் தெரியாமல் தவித்த சபை, இப்போது தன் பெயரைக் கேட்டு மைக்கைச் சூழ்ந்துகொண்டது.

கொள்கை உடனடியாக ரத்தானது. வியர்த்து வழிந்த செயலர் அதே கையோடு உறையைக் கிழித்து, "ஸ்டெபின், ஜெப்ஸி. யாருக்காவது தடை உண்டா?" என்று வாசித்தார். யார் காதிலும் விழவில்லை. அவரவர் தம் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தடை எதுவும் எழவில்லை என்று குறிக்கப்பட்டது.

ஜெப்ஸிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பட்டம் போய்விட்டது என்பது நேரலையில் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஸ்டெபின் கூட்டத்தை முண்டியடித்துக்கொண்டு மைக் பக்கம் போனான்.

"அண்ணாச்சி, எம் பேருக்குப் பின்னால எம்.எஸ்ஸி.ன்னு சேத்து இன்னொரு தடவ வாசிங்க. கொஞ்சம் சத்தமா!"